இந்த வெள்ளி மாம்பலம் முறை

எங்கள் வீட்டுக்காரர் தனக்கு வேலை போன விஷயத்தை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அரிவாள்மணைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கூடத்தில் பேப்பரை விரித்து, காயைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு மழைதான் என்று கேலி பண்ணினேன். "ஆபீசை மூடறாங்க. அடுத்த மாசத்திலேர்ந்து சம்பளம் கிடையாது" என்றார், தலையை நிமிர்த்தாமல். சொன்ன பிறகும் மிச்சக் காயை உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

தி.நகரில் ஒரு பார்சல் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். சின்னக் கம்பெனி. முதலாளியின் பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை, இழுத்து மூடிவிட்டார்கள். இந்த வயதில் கணக்கு எழுதுகிறவனை யார் கூப்பிடுவார்கள், இப்போதுதான் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்கிறதே என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கிளார்க். என் ஒருத்தி சம்பளத்தில் மேற்கு மாம்பலத்து வாடகையைக் கொடுத்து, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்குக் கடைசி வருஷப் பணமும் கட்டியாக வேண்டும்.

அன்று சாயங்காலமே அவர் இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, பைசா விடாமல் செலவை எழுதுவது. இரண்டு, விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது. "இன்னொரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். மகளிடம் கூடவா என்று கேட்டேன். மகளிடம் கூடத்தான். படிக்கிற பிள்ளையின் மனசைக் கெடுக்க வேண்டாம் என்றார். அது எனக்கும் சரியாகப் பட்டது.

செலவு எழுத அவர் நோட்டு வாங்கவில்லை, அதுவும் செலவாம். போனிலேயே கட்டம் போட்டார். மூன்று கட்டம். வேணும், வேணுமா, வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் போனை எடுத்து "இன்னிக்கு?" என்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கீரை, பால், முழம் மல்லி, அலுவலகத்தில் குடித்த ஒரு டீ. ஒவ்வொன்றுக்கும் கட்டத்தை அவர் முடிவு செய்வார். என் மல்லி முதல் நாளே வேண்டாமில் விழுந்தது. காப்பிப்பொடி மட்டும் வேணுமில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் நாக்குக்கு என்றால் அவசியம், என் தலைக்கு என்றால் ஆடம்பரமா என்று கேட்டேன். மறுநாள் காப்பிப்பொடியில் பாதியைக் குறைத்து எழுதினார், அரை டம்ளர் குடித்தார். இந்த மாதிரி மனுஷரோடு சண்டை போட்டால் தோற்பது நாம்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் முதலில் வெட்டியது தன்னுடையதைத்தான். துரைசாமி சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சாயங்காலமானால் அங்கே அவரும் இன்னும் நாலு பேரும் நின்று, கிரிக்கெட்டும் அரசியலும் பேசி, உலகத்தைச் சீர்ப்படுத்திவிட்டு வீட்டுக்கு வருவார்கள். வருஷக்கணக்கான பழக்கம். அந்த டீயைத்தான் முதல் ஆளாக வேண்டாமில் போட்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. டீதானே, வீட்டில் குடித்தால் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது சட்டம் முதல் சட்டத்தின் கையைக் கட்டிப் போட்டது. இஸ்திரி வண்டிக்காரரை நிறுத்தினால் தெருவுக்கே தெரிந்துவிடும், அதனால் இஸ்திரி தொடர்ந்தது. பேப்பரை நிறுத்தினால் மாடி வீட்டுக்காரர் கேட்பார், தினமும் பத்து மணிக்கு இரவல் வாங்கிப் போகிறவர் அவர். அதனால் பேப்பரும் தொடர்ந்தது. கதவுக்கு வெளியே தெரிகிற செலவெல்லாம் தப்பித்துக்கொண்டது. நெய், முந்திரி, இன்னொரு அரை லிட்டர் பால், ராத்திரி கூடத்து விளக்கு என்று உள்ளே இருந்ததெல்லாம் மாட்டிக்கொண்டது. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து தண்ணி மோர் குடித்தோம்.

இதெல்லாம் கூட எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வெள்ளிக்கிழமை.

சாயங்கால ரயிலில் நாங்கள் ஆறு பேர். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற வண்டி, லேடீஸ் பெட்டி, எப்போதும் அதே மூலை. எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. இறங்குகிற ஸ்டேஷன்தான் பேர். நான் மாம்பலம். எனக்கு அடுத்தது சைதாப்பேட்டை. அப்புறம் கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். யார் மூத்தவர், யார் என்ன சாதி, யார் வீட்டில் யார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான். வீட்டில் நான் அம்மா, அலுவலகத்தில் மேடம். மாம்பலமாக இருப்பது அந்த அரை மணி நேரம் மட்டும். அந்த அரை மணியில் நான் சிரித்த சிரிப்பை வீட்டுக்காரர் கேட்டிருந்தால் இது யாரோ என்று நினைத்திருப்பார்.

சைதாப்பேட்டை கடற்கரையிலேயே ஏறிவிடுவாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள், புருஷன் இல்லை, ஒரு பிள்ளை. ஜன்னலோரம் தான் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் குடையை நீட்டிப் போட்டு, கோட்டையில் நான் ஏறுகிறவரை யார் வந்து முறைத்தாலும் அந்தக் குடையை எடுக்க மாட்டாள். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது லீவு போட்டுவிட்டு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். என் கூடப்பிறந்தவர்கள் போனில் விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் யாராவது ஒருத்தர் முறை. இறங்குகிற வரிசைதான் முறைக்கும் வரிசை. முறைக்காரி ஆறு பேருக்கும் ஏதாவது வாங்கி வர வேண்டும், எழும்பூர் தாண்டியதும் பிரிக்க வேண்டும். ஆரம்பத்தில் மிளகாய்ப்பொடி தூவின கொய்யாப்பழம்தான். அப்புறம் சமோசா ஆயிற்று. அப்புறம் பல்லாவரம் ஒருநாள் கேக் வாங்கி வந்தாள். அடுத்த சுற்றில் சைதாப்பேட்டை, தி.நகரின் பெரிய ஸ்வீட் கடை அட்டைப்பெட்டியில் ஆளுக்கு ஒன்றாக பாதுஷா கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோக வேறு தனிப் பெட்டி. அடேயப்பா என்று வாயைப் பிளந்தோம். அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு எங்களில் ஒருத்தருக்கும் கொய்யாப்பழத்துக்குத் திரும்பிப் போகிற தைரியம் வரவில்லை.

என் முறை வருகிற வாரம், வாட்ஸாப் குழுவில் தாம்பரம் போட்டுவிட்டாள். இந்த வெள்ளி மாம்பலம் முறை, கூடவே நாக்கைச் சப்புக்கொட்டுகிற பொம்மை. ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆறு பேருக்கு ஸ்வீட், காரம் என்றால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். வேணுமா கட்டத்தில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீயே சொல்லு" என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரே வெட்டியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, திட்டின சூட்டோடு போய் வாங்கியும் வந்திருப்பேன். அரை டம்ளர் காப்பி குடிக்கிற மனுஷன் எதிரே உட்கார்ந்து நீயே சொல்லு என்றால் என்ன சொல்வது? "வேண்டாம்னு போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். பாத்திரத்தைப் போட்டு உருட்டின சத்தம் மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்கலாம். பாதுஷா சாப்பிட்ட வாய்களுக்கு முன்னால் கொய்யாப்பழத்தை நீட்டினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் எனக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது, அழுதுவிடுவேன். அழுதால் இரண்டாவது சட்டம் என்ன ஆவது? அந்த வெள்ளிக்கிழமை, ஆபீசில் ஆடிட், நேரமாகும் என்று குழுவில் போட்டுவிட்டு அடுத்த வண்டியில் போனேன். பொதுப் பெட்டியில், கடைசியில் ஏறினேன். அடுத்த வெள்ளியும் ஆடிட் என்றேன். எத்தனை வாரம் ஆடிட் நடக்கும்? பிறகு எல்லா நாளும் அடுத்த வண்டி என்று ஆகிவிட்டது. ஆடிட் முடியவேயில்லை.

பொதுப் பெட்டியில் யாரும் யாருக்கும் குடை போட்டு இடம் பிடிப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருத்தருடைய முதுகுப்பை முகத்தில் இடிக்க, மாம்பலம் வருகிற வரை நிற்பேன். அரை மணி நேரம் இவ்வளவு நீளமா என்று இருந்தது. ராத்திரி கட்டங்களைப் பார்த்தால் என் பக்கம் சுத்தமாக இருந்தது. நன்றாகக் குறைத்திருக்கிறாய் என்று அவர் ஒருநாள் பாராட்டக்கூடச் செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சைதாப்பேட்டை போன் பண்ணினாள். முதலில் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். சாயங்காலம் நான் ரயிலில் நிற்கும்போதுதான் அடிக்கும். நான் எடுக்கவில்லை. முறையைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போகப் போக அவள்மேல் கோபம்கூட வந்தது. இந்த மகராசி பாதுஷா வாங்காமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். வீட்டுக்காரரானால் போனைக் கையை விட்டு இறக்குவதில்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில், படுக்கும்போது தலையணைக்குப் பக்கத்தில். எப்போதுமா கணக்கு எழுதுவீர்கள் என்று அதற்கும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் கோட்டையில் ஏறினால், அதே கடைசிப் பொதுப் பெட்டியில், ஜன்னலோரம் சைதாப்பேட்டை உட்கார்ந்திருக்கிறாள்.

என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று முதலில் பக்கென்றது. ஆனால் என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு அப்படி இல்லை. திருடப்போன இடத்தில் தெரிந்தவர்களைப் பார்த்தமாதிரி ஆகிவிட்டது. சட்டென்று வெளியே திரும்பிக்கொண்டாள். பக்கத்து இடத்தில் குடை இல்லை, யாரோ ஒரு பையன் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழும்பூர் போயிற்று, சேத்துப்பட்டு போயிற்று. கூப்பிடலாமா என்று நான் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வண்டி கோடம்பாக்கத்தில் நின்றதும் அவள் பையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். கோடம்பாக்கத்தில் அவளுக்கு என்ன வேலை? என் கண்ணில் படாமல் இருக்கத்தான் இறங்குகிறாள் என்று புரிந்தது. நானும் இறங்கினேன். வண்டி போய்விட்டது.

"நீ இன்னாத்துக்கு எறங்கின? உன்னுது அடுத்த டேசனாச்சே" என்றாள், என்னைப் பார்க்காமல்.

உங்களுடையதும் இது இல்லையே என்றேன். நடைமேடையில் சிமெண்டு பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு எப்போதுமே பொறுமை கிடையாது.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சுக்கா" என்றேன்.

அந்த வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தேன், மேற்கு மாம்பலமே கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்த சொல்றதுக்கா இம்மாம் நாளு?" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் பயந்தபடியே அழுதேன், ஒன்றும் ஆகிவிடவில்லை.

அப்புறம் தன் கதையைச் சொன்னாள். பிள்ளைக்குக் கார் வாங்க முன்பணம் கட்டக் கம்மலை அடகு வைத்தாளாம். அதில் மீந்த காசில் வாங்கியதுதான் அந்த பாதுஷா. ஒருநாளாவது எங்கள் முன்னால் கெத்தாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்ததாம். இப்போது காருக்கு மாதாமாதம் கட்ட வேண்டியிருப்பதால் பிள்ளை இவள் செலவைக் கவனிக்கிறான். இவள் பேங்க் கணக்குக்கு அவன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "பத்து ரூவா சுண்டல் வாங்குனா அங்க டொய்ங்னு மெசேஜ் போவுது. ஒடனே போனு. இன்னாமா அதுன்றான். என் சம்பாத்தியம், நான் பதில் சொல்லிக்கினு கீறேன்" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

முறையைக் கேட்கத்தானே அவ்வளவு தடவை கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நான் எதுக்கு உன் முறைய கேக்கப்போறேன்? உனக்கு அப்பால நான். நீ குடுக்காத வரைக்கும் எனக்கு வராதுன்னு நிம்மதியா கீறேன். ரெண்டு வாரம் பாத்துட்டு, மாம்பலம் வரல, சைதாப்பேட்டை நீ குடுத்துடுன்னாங்க. நீ வந்துட மாட்டியான்னுதான் போன் போட்டுக்கினே இருந்தேன். நீ எடுக்கல. அந்த வெள்ளிக்கெழமயே நானும் வண்டிய மாத்திட்டேன்."

ஆக, நான் தட்டிக்கழித்த முறை நேராகப் போய் அவள் தலையில் விழுந்திருக்கிறது. அது என் புத்திக்கு எட்டவேயில்லை. அவளுக்கு அடுத்தது கிண்டி. கிண்டி வீட்டில் என்ன நிலைமையோ, அந்த மூலையில் இப்போது எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்களோ, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே குழுவில் யாரும் எதுவும் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் சாதம் வடித்து, ரசம் வைத்திருந்தார். ஏன் நேரமாயிற்று என்று கேட்கவில்லை. உட்கார்ந்தோம். போன் வழக்கம்போலத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "இன்னிக்கு?" என்றார்.

செலவு ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம், மென்று முழுங்காமல், சைதாப்பேட்டையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று போட்டு உடைத்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் திருப்பிக் கத்த நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் பிசைந்த சாதத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, இதைச் சொல்ல இத்தனை நாளா என்றாள், கையைப் பிடித்துக்கொண்டாள் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். அவளும் முறைக்குப் பயந்து வண்டி மாற்றினதை, தினமும் எனக்குப் போன் பண்ணினதை, நான் எடுக்காமல் விட்டதை எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உனக்கு அடிச்சுது, நீ எடுக்கலை" என்றார் கடைசியில். "டீக்கடைக்குப் போறதை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. நாலு பேர்ல ஒருத்தன்கூட எனக்குப் போன் பண்ணலை."

சொல்லிவிட்டு, மோர் ஊற்று என்றார். ஊற்றினேன். தட்டுக்குப் பக்கத்தில் போன் திரை மேலே தெரிகிறபடி கிடந்தது. கணக்கு எழுதத்தான் அதைக் கைக்கெட்டுகிற தூரத்திலேயே வைத்திருக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.